1,700 வெள்ளியும் உன் கடையும்

நிபோங் திபால், பினாங்கு, மலேசியா

அன்புள்ள மணியம்,

கடிதம் கிடைத்தது. முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டாயாமே! நாள் முழுக்க சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான், கொஞ்சம் நட. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறாள்.

மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனபின் ஆளைக் குறைப்பதைத் தவிர வழியில்லை என்று ஒரு பக்கம் புலம்பியிருந்தாய். அவளிடம் வாசித்துக் காட்டினேன். "மாமாவுக்கு டேவிட் கார்டைப் பத்தி எழுதுங்கப்பா" என்றாள். கனடாக்காரர், 2021இல் பொருளாதார நோபலில் பாதி இவருக்கு. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 ஆக்கியது. பக்கத்து பென்சில்வேனியா ஏற்றவில்லை. கார்டும் இன்னொரு பொருளாதார அறிஞரான ஆலன் குரூகரும் இரண்டு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளில், ஏற்றத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். ஏற்றிய பக்கத்தில் வேலை குறையவில்லை. சாப்பாட்டு விலைதான் கொஞ்சம் ஏறியது. சும்மா விடுவார்களா? நியூமார்க், வாஷர் என்ற இருவர் சம்பளப் பட்டியல்களை வைத்து மறுத்தார்கள். 2000இல் கார்டும் குரூகரும் பதில் கொடுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்குப் பிடித்தது அந்த எல்லைதான். நமக்கும் அப்படி ஒன்று வாய்த்தது. 2020 பிப்ரவரியில் மாநகர், நகராண்மைப் பகுதிகளுக்கு மட்டும் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி; மற்ற இடங்களுக்கு 1,100. நிபோங் திபால் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. பேராக் மாநில எல்லையைத் தாண்டி பாரிட் புந்தார் போனால் மாவட்ட மன்றம். அடுத்தடுத்த ஊர், நூறு வெள்ளி வித்தியாசம்! கணக்கெடுக்க இதைவிட நல்ல இடம் உண்டா? ஆனால் மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து இரண்டு ஊர் வியாபாரத்தையும் சேர்த்து முடக்கிவிட்டது.

சரி, கூலி ஏறியும் ஏன் வேலை குறையவில்லை? ஆள் சுலபமாக வேறிடம் போக முடியாத இடத்தில், முதலாளி வைத்ததுதான் கூலி; அது முதலிலேயே குறைவாக இருந்திருக்கும் என்பது ஒரு விளக்கம். இதற்கு நமக்குப் புத்தகம் வேண்டுமா? தோட்டத்தில் உன் அப்பா வேலையை விட்டிருந்தால் லயத்து வீட்டையும் காலி செய்திருக்க வேண்டும். இன்று உன் தோசைக்கல்லில் நிற்கும் திருநெல்வேலிக்காரருக்கு வேலை பெர்மிட் உன் பெயரில். எதிர்க்கடையில் இருநூறு வெள்ளி கூடத் தந்தாலும் அவர் நினைத்தவுடன் போய்விட முடியாது. கோபித்துக்கொள்ளாதே, சட்டம் அப்படி.

வரி சங்கதி இன்னும் வேடிக்கை. சம்பளக்காரரிடம் மாதாமாதம் பிடித்துவிடுகிறார்கள். பங்கு வைத்திருப்பவரிடம் 2025 முதல் ஒரு வரி, அதுவும் ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய லாப ஈவுக்கு (டிவிடெண்ட்) 2 விழுக்காடு. மரணச் சொத்து வரியை 1991லேயே எடுத்தாகிவிட்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

அப்புறம் ஒரு வேலை. உன் கடையில் ஐந்து பேருக்குக் குறையாமல் ஆள், அதனால் 2025 பிப்ரவரியிலேயே 1,700. பக்கத்துப் பூக்கடையில் மூன்றே பேர், ஆகஸ்ட் வரை தவணை. அந்த ஆறு மாதத்தில் நீ யாரையாவது நிறுத்தினாயா, இல்லை விலையை மட்டும் ஏற்றினாயா? பூக்கடைக்காரர் என்ன செய்தார்? வாழையிலைச் சாப்பாடு 2024இல் என்ன விலை, இப்போது என்ன விலை? சின்னவள் கட்டுரைக்குக் கேட்கிறாள். குத்துமதிப்பாகச் சொல்லாமல் கணக்கு நோட்டைப் பார்த்து எழுது.

அன்புடன்,
செல்வம்