மறக்காமல் மூடு, மூடின ஞாபகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் 'வாரம் ஒரு ஆங்கிலச் சொல்' பகுதியில் 'ரிமெம்பர்' என்ற வினைச்சொல்லுக்கு 'நினைவில் கொள்' என்று ஒரே வரியில் பொருள் போட்டு முடித்துவிட்டீர்கள். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி அசடு வழிந்தவன் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு கோப்பு வர வேண்டியிருந்தது. 'திங்கட்கிழமை எனக்கு ஞாபகப்படுத்துங்கள்' என்று சொல்ல நினைத்து, 'ப்ளீஸ் ரிமெம்பர் மீ ஆன் மன்டே' என்று சீட்டு எழுதி அனுப்பினேன். அது எப்படியோ சூப்பிரண்டெண்டு கைக்குப் போய்ச் சேர்ந்தது. சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, திங்கட்கிழமை உனக்குத் திவசமா?" என்றார். பிரிவே சிரித்தது. 'ரிமைண்ட்' என்று ஒரு சொல் தனியாக இருப்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. நாமே ஞாபகம் வைத்திருந்தால் ரிமெம்பர், அடுத்தவருக்கு ஞாபகப்படுத்தினால் ரிமைண்ட். தமிழில் இரண்டுக்கும் ஞாபகம்தான் வேர் என்பதால் இங்கேதான் முதலில் சறுக்குகிறோம்.

பல வருடம் கழித்து ஒரு பழைய அகராதியைப் புரட்டியபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் ரிமெம்பர் என்ற சொல்லையே 'ஞாபகப்படுத்து' என்ற பொருளிலும் ஆண்டிருக்கிறார்கள். ரிமைண்ட் புழக்கத்துக்கு வந்ததே 17ஆம் நூற்றாண்டில்தான். ஆக, என் சீட்டு நானூறு வருடம் தாமதமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் பகுதியில் 'மெம்பர் என்றால் உறுப்பு, ஆகவே சிதறிய உறுப்புகளை மறுபடி சேர்ப்பதே ரிமெம்பர்' என்றும் ஒரு விளக்கம் கண்டேன். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. 'நினைவில் கொண்ட' என்று பொருள்படும் 'மெமோர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. மெமரியும் அதே குடும்பம். உறுப்பைக் குறிக்கும் மெம்பருக்கு வேர் வேறு.

சரி, முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். போன மாதம் நானும் வீட்டுக்காரியும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். ஆடுதுறை தாண்டியதும், "கேஸை மூடினீங்களா?" என்றாள். "மூடின ஞாபகம்" என்றேன். "கிளம்பும்போதே மறக்காம மூடுங்கன்னு சொன்னேனே!" என்று ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் சாவி எடுத்துத் திறந்து பார்த்துச் சொல்லும்வரை இருவருக்கும் பேச்சே இல்லை. மூடித்தான் இருந்தது.

இந்தச் சண்டையில் ரிமெம்பரின் இலக்கணம் முழுக்க இருக்கிறது. அவள் சொன்னது 'ரிமெம்பர் டு டர்ன் ஆஃப் த கேஸ்'. நான் சொன்னது 'ஐ ரிமெம்பர் டர்னிங் ஆஃப் த கேஸ்'. பின்னால் 'டு' வந்தால் செய்ய வேண்டிய வேலை, 'இங்' வந்தால் செய்து முடித்த வேலை. பள்ளியில் இதை இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட் என்று பெயர் சொல்லி மிரட்டுவார்கள். என் பேத்திக்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவே: தமிழில் 'மறக்காமல்' என்று வரும் இடமா, டு போடு, 'செய்த ஞாபகம்' என்று வரும் இடமா, இங் போடு. அதற்கப்புறம் அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை. தமிழை ஒதுக்கிவைத்தால்தான் ஆங்கிலம் வரும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

தமிழால் வரும் தடுமாற்றமும் உண்டுதான். நாம் 'எனக்கு ஞாபகம் இருக்கிறது' என்கிறோம். ஞாபகம் தானாக வந்து உட்காரும் விருந்தாளி. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக முன்னால் வந்து நிற்க வேண்டும். 'ஞாபகம் வருகிறது' என்பதை அப்படியே மாற்றி 'ஐ ஆம் ரிமெம்பரிங்' என்று பலர் சொல்வதும் இதனால்தான். வெறும் 'ஐ ரிமெம்பர்' போதும். இதிலும் ஒரு வேடிக்கை: 14ஆம் நூற்றாண்டில் சாசர் என்ற கவிஞர் எழுதிய ஆங்கிலத்தில் 'அது எனக்கு நினைவுக்கு வருகிறது' என்ற நம்முடைய தோரணையிலேயே வாக்கியம் வருகிறது. பிறகு அவர்கள்தான் மாறிப்போனார்கள்.

ரீகால், ரெகலெக்ட் இரண்டும் யோசித்து, தேடி எடுப்பதற்கு. அன்றாடப் பேச்சில் அவ்வளவாகத் தேவைப்படாது.

ஆனால் 'ரிமெம்பர் மீ டு யுவர் ஃபாதர்' என்பதைக் கட்டாயம் சேர்த்திருக்கலாம். கொஞ்சம் பழைய பாணி, கடிதங்களில் பார்க்கலாம். இதை 'உன் அப்பாவுக்கு என்னை ஞாபகப்படுத்து' என்று மொழிபெயர்த்தால், ஏதோ கொடுக்கல் வாங்கல் பாக்கி இருப்பதுபோல் ஆகிவிடும். நம் ஊர் வாசல்களில் தினமும் சொல்வதுதான் அது: "அப்பாவைக் கேட்டதாச் சொல்லு."

அடுத்து 'ஃபர்கெட்' வருமென்று எதிர்பார்க்கிறேன். அதற்கும் இதே டு, இங் வேறுபாடு உண்டு. ஒரு வரி கூடுதலாக ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்.