பிணைக்கு ஆளில்லாத வாசகிகள்: பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும், சபையின் கௌரவ உறுப்பினர்களுக்கும், பொது நூலகத்தின் நூலகர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த ஒக்டோபரில், தேசிய வாசிப்பு மாதத்தையொட்டித் தங்கள் நூலக வாசலில் கட்டப்பட்டிருந்த பதாகையின் கீழே நுழைந்து உள்ளே போன எங்கள் வாசகர் வட்டத்து அக்கா ஒருவர், கால் மணி நேரத்தில் அதே பதாகையின் கீழே வெறுங்கையுடன் திரும்பி வந்தார். அடையாள அட்டையின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், இரண்டு புகைப்படங்கள், நிரப்பிய விண்ணப்பம் ஆகிய அனைத்தும் அவரிடம் இருந்தன. இல்லாதிருந்தது, சபைக்கு ஆதனவரி செலுத்தும் பிணையாளி ஒருவரின் கையொப்பம். அது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எவரிடமும் கிடைக்காது என்பதைத் தாங்கள் அறியாதவர்கள் அல்லர். லயத்து அறையான காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழ்பவர்களுக்கு அந்தக் காம்பரா சொந்தமில்லை. சொந்தமில்லாத வீட்டுக்கு அவர்கள் எப்படி வரி செலுத்துவது? அரச உத்தியோகத்தரும் பிணை நிற்கலாம் என்று விதி இருக்கிறது. எங்கள் வட்டத்தில் அரச உத்தியோகத்தர் ஆசிரியையான நான் ஒருத்திதான். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே பிணை நிற்கலாம் என்றும் விதி இருக்கிறது. அந்த ஒருவருக்கு நான் சென்ற வருடமே கையொப்பமிட்டுவிட்டேன்.

ஆகவே, தோட்டத்தில் வசிப்பவர்களுக்குப் பிணையாளி கேட்காமல், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை மட்டும் ஏற்றுக்கொண்டு நூலக உறுப்புரிமை வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த மடலில் வேறு கோரிக்கை எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சிறிய கோரிக்கைக்கு ஏன் இத்தனை பக்கம் என்று தாங்கள் வினவக்கூடும் என்பதால், எங்கள் வாசிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நாங்கள் பதினொரு பேர். எட்டுப் பேர் கொழுந்து பறிப்பவர்கள், ஒருவர் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், ஒருவர் எழுத்தறியாத பாட்டி, மற்றது நான். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்து, தலைக்குக் குளித்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பின்னர், பிள்ளைக் காம்பராவின் பாய்களில் உட்கார்ந்து வாசித்ததைப் பேசுகிறோம். தொடக்கத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு நூல்கள் என்று ஓர் இலக்கு வைத்தோம். அது யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு ஒருவர் விளையாட்டாக, "மலையில் நாளுக்கு 18 கிலோ கேட்கிறார்கள், வீட்டில் நாளுக்கு 18 பக்கம் பறிப்போம்" என்றார். அந்த விளையாட்டே எங்கள் சட்டமாகிவிட்டது. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் நிறுவைக் கணக்கு எழுதுவது போலவே பெயருக்கு நேரே பக்கம் எழுதுகிறோம். மலையில் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். கொப்பியில் அப்படியொரு வெட்டு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பூச்சியம் என்று எழுதி, மறுநாள் மறுபடி தொடங்கலாம். தாமே விதித்துக்கொண்ட ஒரு கணக்கை நிறைவேற்றுவதில் இத்தனை சந்தோசம் இருக்கும் என்று எங்களில் எவரும் நினைத்திருக்கவில்லை.

குடும்பத்துக்குள் வாசிப்பது எளிதன்று. ரொட்டி தட்டும் கையில் புத்தகம் பிடிக்க முடியாது. ஆகவே ஒருவர் வீட்டில் ஏழாம் வகுப்பு மகள் உரக்க வாசிக்க, தாய் அடுப்படியில் கேட்கிறார், பக்கம் தாயின் கணக்கில் சேர்கிறது. (இது நியாயமா என்று வட்டத்தில் ஒரு ஞாயிறு முழுவதும் வாதாடி, நியாயமே என்று தீர்மானித்தோம்.) "புத்தகம் படித்து எந்தத் துரையாகப் போகிறாய்" என்று கேட்ட ஒரு கணவர், இப்போது கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசும்போது இன்று எத்தனை பக்கம் என்று விசாரிக்கிறார், அந்தக் கணவர் என்னுடையவர். எழுத்தறியாத பாட்டிக்கும் இலக்கு உண்டு, அவருடையது கேட்ட பக்கங்களின் கணக்கு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்து, தம் தாய் அந்த அடியை வேறு விதமாகப் பாடுவார் என்று சொல்லிப் பாடிக் காட்டினார். அன்று மாலை கலைந்து செல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

இப்போது தங்கள் விதி இதற்குள் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். பதினொரு பேருக்கு இரண்டு அட்டைகள். ஓர் அட்டைக்கு இரண்டு நூல்கள், 14 நாள் தவணை. நான்கு நூல்களை 14 நாட்களில் பதினொரு வீடுகள் பங்கிட்டால், ஒரு வீட்டில் ஒரு நூல் ஐந்து நாட்களே தங்க முடியும். நாளுக்கு 18 பக்கம் வீதம் ஐந்து நாட்களில் 90 பக்கம். 200 பக்க நாவல் ஒன்று 90ஆம் பக்கத்தில், கதாநாயகி வீட்டை விட்டுப் புறப்படும் தறுவாயில், அடுத்த லயத்துக்குப் போய்விடுகிறது. மீதிக் கதையை அவர்கள் மறுநாள் மலையில், நெரைக்கு நெரை, அதாவது தேயிலைச் செடி வரிசைக்கு வரிசை, குரல் கொடுத்துக் கேட்டுக்கொள்கிறார்கள். "அந்தப் பிள்ளை கடைசியில் தாயிடம் போய்ச் சேர்ந்தாளா?" என்று மேல் நெரையிலிருந்து ஒருவர் கேட்க, கீழ் நெரையிலிருந்து மற்றவர் பதில் சொல்ல, கங்காணி பெயர் சொல்லி அதட்ட, முடிவு பாதியில் நின்றுவிடுகிறது. சிரிப்பதற்கு நல்ல காட்சிதான், நாங்களும் சிரித்திருக்கிறோம். ஆனால் இரண்டு வருடங்களில் எங்களில் ஐந்து பேர் ஒரு நாவலைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தம் கையில் வைத்து வாசித்ததில்லை. தவணையை நீடித்துக்கொள்ளலாமே என்று தாங்கள் சொல்லலாம். நூலை நேரில் கொண்டுவந்து காட்டினால்தான் நீடிப்பீர்கள். நூலகம் மூடும் நேரத்துக்கு மலையில் மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்திருக்காது.

இணையத்தில் வாசிக்கலாமே என்று அன்று அந்த அக்காவுக்கு ஆலோசனை சொல்லப்பட்டதாம். 'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை இலவசமாக வாசிக்கலாம் என்பதை நானே வட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் வீட்டில் இருப்பது ஒரு கைபேசி, அதற்காகக் காத்திருப்பவர்கள் மூன்று பள்ளிப் பிள்ளைகள்.

புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதே தங்கள் அச்சம் என்றால், அது நியாயமான அச்சம். இரண்டு வருடங்களில் எங்களிடம் தொலைந்த நூல் இல்லை. கெட்டது ஒன்று: தகரக் கூரை ஒழுகி நனைந்தது. விலையைப் பதினொரு பேரும் பங்கிட்டுச் செலுத்தினோம், பற்றுச்சீட்டு இருக்கிறது. அதன் பிறகு எங்கள் வீடுகளில் தங்கள் நூல்கள் சொப்பிங் பையில் சுற்றப்பட்டு அரிசி வாளிக்குள் வைக்கப்படுகின்றன. வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான். ஆதனவரி செலுத்தும் எத்தனை வீடுகளில் நூல்களுக்கு இந்த மரியாதை கிடைக்கிறது என்று நூலகர் அவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

சபைக்குத் தோட்டங்களில் அதிகாரம் இல்லை என்ற பதிலையும் நாங்கள் நீண்ட காலம் கேட்டிருக்கிறோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தெரு விளக்குக் கேட்டாலும் பாதை கேட்டாலும் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. சட்டம் திருந்தியது, விண்ணப்பப் படிவம் இன்னும் திருந்தவில்லை. தேர்தல் வந்தால் எங்கள் இஸ்தோப்பில், அதாவது வீட்டுத் திண்ணையில், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணி குடிக்கும் எவரும், "உங்கள் வாக்குக்கு யார் பிணை?" என்று இதுவரை கேட்டதில்லை. 1948இல் எங்கள் பாட்டன்மார் தம் தகப்பன் எங்கே பிறந்தார் என்பதை நிரூபிக்க முடியாமல் குடியுரிமை இழந்தார்கள். எஞ்சியவர்களுக்கும் அது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் திரும்பக் கிடைத்தது. அந்த வரிசையில் நின்று பெற்ற அடையாள அட்டையைத்தான் அந்த அக்கா தங்கள் மேசையில் வைத்தார். அதற்கும் மேலே இன்னொருவர் வந்து, "இவரை நம்பலாம்" என்று எழுதித் தர வேண்டியிருக்கிறது.

மன்னிக்கவும். ஒரு நூலக அட்டைக்காக எழுதத் தொடங்கி 1948 வரை போய்விட்டேன். வகுப்பில் பிள்ளைகள் இப்படி எழுதினால் விடயத்தை விட்டு விலகாதே என்று சிவப்பு மையால் எழுதுபவள் நான்.

விடயம் இதுதான்: தோட்டத்தில் வசிப்பவர்களுக்குப் பிணையாளி இன்றி உறுப்புரிமை வழங்குங்கள். அது உடனே இயலாதெனில், வட்டத்தின் பதினொரு பேரும் ஒருவருக்கொருவர் கூட்டாகப் பொறுப்பேற்கும் கடிதம் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்; அல்லது ஒரு வைப்புத்தொகையை நிர்ணயித்து, இரண்டு தவணையில் செலுத்த அனுமதியுங்கள். அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்த்துக்கொள்ளுமாறு தவிசாளர் அவர்களை மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். கூட்டத்துக்கு வந்து விளக்கமளிக்க எங்களில் இருவர் ஆயத்தமாக இருக்கிறோம். கூட்டத் திகதியை முன்கூட்டியே அறிவித்தால், அரை நாளைக்குச் சொல்லிவிட்டு வருவார்கள். பிணையாளியின் கையொப்பத்துக்கான கட்டத்தைத் தவிர மற்ற யாவும் நிரப்பப்பட்ட ஒன்பது விண்ணப்பங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாத பாட்டியின் விண்ணப்பமும் அவற்றுள் உண்டு. தமக்கும் ஓர் அட்டை வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

தற்போது எங்களிடமுள்ள நான்கு நூல்களில் மூன்று மேல் லயத்திலும், ஒன்று பணிய லயத்திலும் இருக்கின்றன. 23ஆம் திகதி தவணை முடிகிறது. அன்று பாடசாலை விட்டதும் நானே கொண்டுவந்து ஒப்படைப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வாசகர் வட்டத்தின் சார்பில்,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.