ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் நிரப்புவதற்கு முன் இதைப் படி

செம்பூர், மும்பை
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

எட்டு மாதமாக எழுதாததற்கு நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம், பெரியவன் பன்னிரண்டாம் வகுப்பு, சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் உன் நினைப்பு வரும். மற்ற கதை பிறகு. இப்போது அவசரமாக எழுதுவது செல்வி சொன்ன விஷயத்துக்காக. உன் ஃப்ரிட்ஜில் கீழ்ப்பக்கம் குளிரவில்லையாம், வந்து பார்த்தவர் கேஸ் போய்விட்டது என்றாராம், புதன்கிழமை நிரப்ப வருகிறாராம். மல்லி, அவரைக் கொஞ்சம் நிறுத்தி வை. ஒரு மாதமாக நான் இதே அவஸ்தையில்தான் இருந்தேன்.

எங்களுடையதும் உன்னுடையது மாதிரி டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீதான். ஜூன் கடைசியில் ஒருநாள் பால் திரிந்தது. மறுநாள் மாவு பொங்கி வழிந்தது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் இருந்தது, அதனால் மழைக்காலக் கரண்டு கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன். அதற்கும் இரண்டு வாரம் முன்பிருந்தே உள்ளே கர்கர் என்று ஒரு சத்தம், கதவைத் திறந்தால் நின்றுவிடும். அதை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

பாலும் மாவும் போனால் போகட்டும், அத்தையின் இன்சுலினை நினைத்துத்தான் எனக்குக் கை நடுங்கியது. திறக்காத குப்பிகள் மூன்று உள்ளே இருந்தன. 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டிய மருந்து அது. தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்துப் பார்த்தால், காலையில் 14 காட்டுகிறது. பதற்றத்தில் குப்பிகளைத் தூக்கி ஃப்ரீசரில் வைக்கப் போனேன். அத்தைதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊரில் பாட்டி செய்கிற மாதிரி ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைத்துப் பார்த்தேன், இங்கே ஜூலைக் காற்றில் அவ்வளவு ஈரம், தண்ணீர் காய்ந்தால்தானே பானை குளிரும்? கடைசியில் எதிர் வீட்டு பாபிதான் தன் ஃப்ரிட்ஜில் இடம் கொடுத்தாள். டாக்டரிடம் கேட்டு அந்த மூன்று குப்பிகளையும் ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கி வைத்தோம்.

அப்புறம் மெக்கானிக் வந்தார். கம்ப்ரஸரைத் தொட்டார், சூடாக இருந்தது, 'கேஸ் கதம்' என்றார். உள்ளே ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. 3,500 ரூபாய். வீட்டுக்காரர் ஊரில் இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஃப்ரிட்ஜைச் சும்மா கழுவி வைக்கலாம் என்று பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒருநாள் முழுக்க விட்டேன். ஹால் வரைக்கும் தண்ணீர்! இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று அப்போதே கேட்டிருக்கலாம். திரும்பப் போட்டால் மறுநாள் காலை 4 டிகிரி. ஆறு நாள் அருமையாக ஓடியது. ஏழாம் நாள் மறுபடி பால் திரிந்தது.

அந்த ஆறு நாள்தான் விடை, மல்லி. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடின குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், எங்காவது ஓட்டை விழுந்தால்தான் போகும். போயிருந்தால் ஐஸை உருக்கியதற்காக அது திரும்பி வருமா?

பாபி சொல்லி வந்த பெரியவர் நேராக ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே வெள்ளைச் சுவர். நம் மாதிரி ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாகிற குழாய்ச் சுருள், காயில் என்பார்கள், அங்கே மட்டும்தான் இருக்கிறது, ஒரு ஃபேன் அந்தக் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. காயிலில் படிகிற பனியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன ஹீட்டர் உருக்கிவிடும். அது நின்றால் பனி ஏறி ஏறிக் காற்றுப் பாதையை அடைக்கும், அதனால்தான் முதலில் கீழே சூடாகிறது, மேலே கொஞ்ச நாள் ஐஸ் இருக்கிறது. கர்கர் சத்தம் ஃபேன் இறக்கை பனியில் உரசியது. பனி மூடியிருக்கும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது, அதற்குக் கரண்டு விடுகிற பைமெட்டல் என்ற சின்ன வில்லை செத்திருந்தது. கூலியோடு 850 ரூபாய். மூன்று வாரமாக 4 டிகிரிதான்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒருநாள் பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வை. கத்தியால் ஐஸைக் குத்தாதே, காயில் அலுமினியம், ஓட்டை விழுந்தால் அப்போது நிஜமாகவே கேஸ் போகும். போட்ட பிறகு சில நாள் நன்றாகக் குளிர்ந்து மறுபடி கெட்டால் கேஸ் பேச்சை எடுக்கவே விடாதே. ஒருவேளை ஐஸ் உருகிய பிறகும் குளிராமல், கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, காயிலில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்தால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அப்போதும் ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் பணம் வீண். ஃப்ரிட்ஜின் பின்னால் ஆர்600ஏ என்று எழுதியிருக்கிறதா பார். அது தீப்பிடிக்கிற கேஸ், அதில் பழகாத ஆளைச் சமையலறையில் குழாயைப் பற்றவைக்க விடாதே.

பலகை கழற்றுகிற வேலையை மட்டும் உன் வீட்டுக்காரரிடம் கொடு. ஹாஸ்டலில் ஹீட்டரைச் சரிபண்ணி மூன்றாம் மாடியையே இருட்டாக்கினவள் நீ, வார்டன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்பாவுக்கும் ஏதோ ஊசி மருந்து உள்ளே வைத்திருப்பதாகச் செல்வி சொன்னாள். இந்தக் கடிதத்தை மூடியதும் முதலில் அதை எடுத்துப் பக்கத்து வீட்டில் வை. பலகையைக் கழற்றியதும் படம் எடுத்து அனுப்பு, பெரியவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். அவர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் எடுப்பார்.

உன்
சாரதா