பசுமலைச் சோதனைச் சாவடியில் நின்ற காவலருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொரோனா ஊரடங்கு நாட்களில், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 25, சனிக்கிழமை காலை, திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் பசுமலைக்கு அருகே தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். ஒரே இருசக்கர வண்டியில் இரண்டு பேர் வந்ததற்காக எங்களை ஓரமாக நிறுத்தச் சொல்லி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டீர்கள். ஓட்டி வந்தவன் என் தம்பி, பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். வலிப்பு நோய்க்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை நீட்டினேன். அதை வாங்கி, கையுறை போட்ட விரலால் மீதமிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினீர்கள். "நாலு இருக்குல்ல? புதன்கிழமைக்கு அப்புறம் வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டீர்கள் என்பது உங்கள் முகத்தில் தெரிந்தது. சாவியைத் திருப்பித் தரும்போது குரலைத் தாழ்த்தி, "இது இருக்கிறவங்களுக்குக் கல்யாணம் பண்ணலாமா?" என்று இன்னொன்றும் கேட்டீர்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டதால் இரண்டுக்கும் பதில் சொல்லாமலே கிளம்பிவிட்டோம். மாலையில் திரும்பும்போது தேடினேன், உங்கள் இடத்தில் வேறொருவர் நின்றார். அந்தப் பதில்களைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த நான்கு மாத்திரைகள். சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிப் பகுதிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று முந்தைய நாள்தான் அறிவித்திருந்தார்கள். நான் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகக் கார்பமாசெபின் சாப்பிடுகிறவன். கையிலிருந்த நான்கும் திங்கட்கிழமை காலையோடு தீர்ந்துவிடும். அன்று இரவிலிருந்து புதன் இரவு வரை ஐந்து வேளை எனக்கு மருந்து இருக்காது. மருந்துக் கடைகள் திறந்திருக்கும் என்றுதான் சொன்னார்கள், ஆனால் வெளியூர்க்காரன் நகருக்குள் நுழைந்து அந்தக் கடைவரை போய்ச் சேரவேண்டுமே.

ஐந்து வேளைதானே என்று தோன்றலாம். தலைவலி மாத்திரையைப் போல வலி வந்த பிறகு போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல இது. மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரென்று அளவுமீறிப் பாய்வதுதான் வலிப்பு. அந்த அணுக்கள் அப்படிப் பொங்கிவிடாமல் அடக்கி வைக்கும் வேலையை மருந்து செய்கிறது. அதற்கு இரத்தத்தில் மருந்தின் அளவு குறையாமல் இருக்கவேண்டும், அதனால்தான் நோய் ஒன்றும் செய்யாத நாட்களிலும் நாங்கள் தவறாமல் சாப்பிடுகிறோம். பல ஆண்டுகளாகச் சாப்பிட்ட மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வலிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும். சிலருக்கு ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கி, நிற்காமல் நீளும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு உயிருக்கே ஆபத்தானது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டியது. அந்த ஏப்ரலில் ஒரு மருத்துவமனைப் படுக்கைக்கு நான் போட்டியாக வந்து நிற்பதை யாரும் விரும்பியிருக்கமாட்டார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

தம்பியை மட்டும் அனுப்பியிருக்கலாமே என்றும் நீங்கள் நினைத்திருக்கலாம். ஏப்ரல் 20ஆம் தேதி விடியற்காலையில் எனக்கு வலிப்பு வந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது அதுதான். தொலைபேசியில் கேட்ட மருத்துவர், நேரில் பார்த்துத்தான் மருந்தின் அளவை மாற்றமுடியும் என்று சொல்லிச் சனிக்கிழமை வரச் சொன்னார். ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 அன்றே, தொலைபேசி வழியாக மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டுவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு கடையில் செல்போனில் வந்த மருந்துச்சீட்டைக் காட்டியபோது, "இதெல்லாம் செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டும் வரமுடியாது. ஓட்டுநர் உரிமத்துக்கு எழுதித்தரும் படிவத்தில், உங்களுக்கு வலிப்போ திடீரென்று நினைவிழப்போ உண்டா என்று கேட்டிருக்கும். அதற்கு உண்மையான பதிலை எழுத நினைத்ததால் நான் உரிமமே வாங்கவில்லை. பேருந்து ஓடாத நாளில், இருசக்கர வண்டியில் ஓட்டுகிறவர் மட்டுமே போகலாம் என்ற விதி எல்லோருக்கும் பொதுவானதாக இருந்தாலும், வண்டி ஓட்டக் கூடாத என்னைப் போன்றவர்களுக்கு அது வீட்டுக் கதவையே பூட்டிவிட்டது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விதியை வகுத்தவர்களுக்கு எங்கள் நினைவு வரவில்லை, உங்களுக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகள் வராமல் இருந்த வலிப்பு அப்போது வந்ததற்குக் காரணம் தூக்கம். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் காய்ச்சலும் வலிப்பை இழுத்து வருபவை. நான் வேலை பார்த்த அச்சகம் மார்ச் மாதக் கடைசியில் மூடப்பட்டது. சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல், இரவு ஒரு மணி வரை செல்போனில் சாவுக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு முதலில் நாக்கில் இரும்பைச் சுவைத்தாற்போல் ஒரு சுவை வரும். இடது கை நான் சொல்வதைக் கேட்காது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று விழித்தபோது தலையணையில் இரத்தமும் எச்சிலும் இருந்தன, நாக்கின் ஓரம் பல்லில் அகப்பட்டுக் கிழிந்திருந்தது, எதிரே உட்கார்ந்திருந்த பெண் என் மனைவி என்று தெரிந்தும் அவள் பெயர் நினைவுக்கு வரச் சில நிமிடங்கள் ஆயின. அவள் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்திருந்தாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

எல்லோருக்கும் அப்படி ஒருவர் அருகில் இருப்பதில்லை. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தும், அது சரியாகப் பிடிப்பதற்கு முன், மே மாதம் ரேஷன் கடை வரிசையில் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு மறுபடியும் வந்தது. இதைச் சொல்லத்தான் உங்களை முக்கியமாகத் தேடினேன், ஏனென்றால் சாலையில் ஒருவர் விழுந்தால் முதலில் ஓடிவரும் அரசாங்க ஆள் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு காவலர்தான். நினைவு திரும்பியபோது முகக்கவசம் எச்சிலில் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. என் வட்டத்தைச் சுற்றியிருந்த வட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. கொரோனாவால் விழுந்துவிட்டான் என்று எல்லோரும் தள்ளிப்போய் நின்றிருந்தார்கள். என் மார்பின் மேல் ஒரு சாவிக்கொத்து கிடந்தது. கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம்பிய யாரோ, கிட்டே வரப் பயந்து தூரத்திலிருந்து வீசியிருக்கிறார். அவருக்கு இரக்கம் இருந்தது, பயமும் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் அந்தச் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுக்கக் கை எழாமல் அப்படியே கிடந்தேன்.

இரும்பால் ஒரு பயனும் இல்லை, ஐயா. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கும், அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் சாவிதான் நிறுத்தியது என்று தோன்றிவிடுகிறது. விழுந்தவரைச் சுற்றியிருக்கும் கல்லையும் கூர்மையான பொருட்களையும் அகற்றுங்கள், தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள், முகக்கவசத்தைக் கழற்றிவிடுங்கள், எச்சில் வெளியே வழியும்படி ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்கவேண்டாம், கைகால்களை அமுக்கிப் பிடிக்கவேண்டாம், தெளிவாகும்வரை தண்ணீரும் கொடுக்கவேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ 108க்குச் சொல்லுங்கள். வலிப்பு தொற்றுநோய் அல்ல, முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிட்டே வருகிறவருக்கு அந்த நாட்களிலும் பெரிய அபாயம் இருந்திருக்காது.

தடுப்பூசி வந்தபோது, போட்டால் ஃபிட்ஸ் வரும் என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். என் மருத்துவர், வலிப்பு இருப்பது ஊசியைத் தவிர்க்கக் காரணமே இல்லை, ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் அதை உடனே அடக்கினால் போதும் என்றார். 2021 ஜூன் மாதம் போட்டுக்கொண்டேன், பாராசிட்டமாலோடு ஒரு இரவு போனது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. யாருக்காகக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பண்ணலாம், ஐயா. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது உண்மைதான். 1999இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். ஒழுங்காக மருந்து கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழமுடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் கேட்டது ஒரு பெண்ணுக்காக என்றால் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. ஆகவே கர்ப்பத்துக்கு வெகு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றுவதா என்று கேட்கவேண்டும், அவர் சொல்லும் ஃபோலிக் அமில மாத்திரையையும் தொடங்கவேண்டும். பயந்துபோய்த் தானாக மருந்தை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது, அது தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும். இவ்வளவையும் கவனித்துக்கொண்டு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம்.

மறைத்துக் கல்யாணம் செய்யவேண்டாம். மறைத்தவர்கள் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிடுகிறார்கள், மறைத்துச் சாப்பிடும் மாத்திரை ஒருநாள் தவறும், ஊரடங்கில் வீட்டார் எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடக்கும்போது நிச்சயம் தவறும். 2011இல் பெண் பார்க்கப் போன அன்றே நான் சொல்லிவிட்டேன். வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தவர்கூட வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மாமனார் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாத்திரை திருமங்கலத்துலயே கெடைக்குமா, மதுரைக்குத்தான் போகணுமா?" என்று கேட்டார். மதுரைக்குத்தான் என்றேன். "நான் மாசாமாசம் மதுரைக்குப் போறவன்தான், வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். பேருந்து நின்றுபோன அந்த மார்ச் மாதம் வரை அவர்தான் வாங்கி வந்துகொண்டிருந்தார்.

அன்புடன்,
அன்று பின்னிருக்கையில் இருந்தவன்