வலிப்பு வேறு, வெறிநோய் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெறிநாய்க்கடி பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதுவது அவசியமான பணி. கூடவே இதையும் எழுத வேண்டுகிறேன்: வலிப்பு வந்து துடிக்கிற நாய்க்கெல்லாம் வெறி பிடித்திருப்பதாக அர்த்தமில்லை.

பெரம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்கள் லேப்ரடார் மணிக்குக் காக்காய் வலிப்பு உண்டு. ஒரு மாலை கீழ்த்தளத்தில் கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டான். "வெறி பிடிச்சிருச்சு" என்று யாரோ கத்த, காவலாளி கம்போடு ஓடிவந்தார். எதிர்வீட்டு மாமா இரும்புச் சாவியை நீட்டினார். குழந்தைகள் விளையாடும் இடம், பயம் நியாயமானதுதான். ஆனால் அப்போது கம்பும் உதவாது, சாவியும் உதவாது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இயங்கும் ஊர் இது. இருந்தும் நாய்க்கு வலிப்பு வரும் என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கிறது. வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத, பரம்பரையாக வருவதாகக் கருதப்படும் வலிப்பு பெரும்பாலும் 6 மாதம் முதல் 6 வயதுக்குள் தொடங்கும். சாதாரணமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அதுவரை பக்கத்திலிருக்கும் நாற்காலி, கல் போன்றவற்றை நகர்த்தினால் போதும். படிக்கட்டு ஓரம் என்றால் உருளாமல் தடுக்க வேண்டும். வாயில் கை வைக்கவே கூடாது. நாய் நாக்கை விழுங்காது. நம் விரல்தான் கடிபடும். தண்ணீரும் ஊற்றக் கூடாது. கட்டாயம் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நீண்ட வலிப்பில் உடல் சூடு ஏறும், நம் ஊர் வெயிலில் இன்னும் மோசம். வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு போங்கள்.

அடங்கிய பிறகுதான் பலர் மிரள்கிறார்கள். நாய் தள்ளாடும், சுவரில் முட்டும், வளர்த்தவரையே அடையாளம் தெரியாமல் விழிக்கும். தொட்டால் பயத்தில் கடிக்கவும் கூடும். அப்புறம் சில மணி நேரத்திலோ மறுநாளுக்குள்ளோ பழையபடி சாப்பிட்டு வாலை ஆட்டும். வெறிநோய் அப்படித் திரும்பாது. நாளுக்கு நாள் முற்றி, அறிகுறி தோன்றிப் பெரும்பாலும் 10 நாளுக்குள் உயிரைப் பறித்துவிடும். மணிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுகிறோம், சான்றும் இருக்கிறது. தடுப்பூசி விவரம் தெரியாத தெருநாய் என்றால் தொடாதீர்கள். தள்ளி நின்று வண்டிகளை விலக்கிவிட்டு, விலங்கு மீட்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். அடிக்காமல் விட்டாலே பெரிய உபகாரம்.

எங்கள் மணிக்கு, வலிப்பைக் கட்டுப்படுத்த 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பினோபார்பிட்டால் மாத்திரை. அதனால் பசியும் தாகமும் அதிகமாகும், கல்லீரலுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். வலிப்பு வரவில்லையே என்று திடீரென நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வரக்கூடும். இது மனிதர்களுக்கும் தரும் மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்க முடியாது. ஆனால் முறையான சீட்டு கொண்டுபோயும், நாய்க்கு என்றதும் சில கடைகளில் தயங்குகிறார்கள். கடைக்காரர்கள் கொஞ்சம் மனது வைக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, வலிப்பு முதலுதவியைக் கத்தரித்து ஒட்டும்படி ஒரு சின்னக் கட்டமாக வெளியிடுங்கள். எங்கள் காவலாளி அறையில் ஒட்ட நான் தயார். மற்ற குடியிருப்போர் சங்கங்களும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை