கிணற்றடியில் கைமாறிய பட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அயர்லாந்துத் தொன்மக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அரசனுக்குப் பின் மூத்த மகனே பட்டத்துக்கு வந்தான் என்று அதில் ஒரு வரி வருகிறது. அது சரியல்ல. அந்த வரியால், அக்கட்டுரை சொன்ன பழைய அயர்லாந்து அரசன் நியாலின் கதையின் உயிரே போய்விடுவதால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய அயர்லாந்தில் பட்டம் தலைமகனுக்கு என்று எழுதிவைக்கப்படவில்லை. ஒரே கொள்ளுப்பாட்டன் வழிவந்த பங்காளிகளில் தகுதியான எவரும் உரிமை கோரலாம். அரசன் இருக்கும்போதே அடுத்தவனைக் குறித்துவைப்பதும் உண்டு. அவனுக்குத் தானிஷ்டே என்று பெயர். இன்றைக்கும் அந்நாட்டுத் துணைப் பிரதமரின் பதவிப்பெயர் அதுதான்.

இப்போது நியாலைப் பாருங்கள். தந்தை எயோகைட் அரசன். தாய் கைரென், அடிமைப்பெண். மூத்தாள் மோங்ஃபின்னுக்கு நான்கு மகன்கள். கைரென் நிறைசூலியாக இருந்தபோதும் மோங்ஃபின் அவளை அரசர்களின் இருக்கையான தாராவுக்குத் தண்ணீர் சுமக்க வைத்தாள். சுமந்த இடத்திலேயே, வாளிக்குப் பக்கத்திலேயே பிள்ளை பிறந்தது. மூத்தாளுக்குப் பயந்து அதைத் தூக்கக்கூட யாரும் துணியவில்லை. தோர்னா என்ற கவிஞர் எடுத்து வளர்த்தார்.

பின்னாளில் வேட்டைக்குப் போன நியாலுக்கும் நான்கு அண்ணன்மாருக்கும் தாகம். கிணற்றைக் காவல்காத்த கிழவி, முத்தம் கொடுத்தால்தான் தண்ணீர் என்கிறாள். மற்றவர்கள் மறுக்கிறார்கள். அண்ணன்மாரில் ஃபியாக்ரா மட்டும் பட்டும் படாமலும் ஒரு முத்தம் தருகிறான். அதற்கேற்ப அவன் வழியில் இரண்டே பேர் தாராவை ஆள்கிறார்கள். நியால் மனமாரத் தழுவியதும் கிழவி பேரழகியாகி, 'நானே அரசுரிமை' என்கிறாள்.

இரக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்று கட்டுரையாளர் இதோடு முடித்துவிட்டார். ஆனால் அவள் மேலும் ஒன்று சொல்கிறாள்: அண்ணன்மார் தங்கள் மூப்புரிமையை உனக்கு விட்டுக்கொடுக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காதே. அவர்களும் விட்டுக்கொடுக்கிறார்கள். கதையின் முடிச்சே இதுதான். தாய் எதைச் சுமந்து இழிவுபட்டாளோ அதே தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு மகன் பட்டத்தை வாங்குகிறான். என்னை உலுக்கிய இடம் இது.

இது ஏன் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நியால் வழிவந்த அரசகுலத்தின் பெயர் ஊ நேல். அண்ணன்மார் பிரியன், ஃபியாக்ரா வழியினர் கொனாக்ட் நாட்டு அரசகுலங்கள். மூத்த கிளைகள் இருக்க இளையவன் கிளை எப்படித் தாராவை ஆளலாம் என்ற கேள்விக்கு இந்தக் கதையே பதில். நமக்குக் கிடைக்கும் வடிவம் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1002இல் தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் நாட்டு அரசர் பிரியன் போரு, ஊ நேல் அரசன் மாயல் செஹ்னலிடமிருந்து அயர்லாந்தின் தலைமையைப் பறித்தார். 1014இல் குளோன்டார்ஃப் போரில் அவர் இறந்தபின் மாயல் செஹ்னல் அதை மீட்டு, 1022இல் தாம் இறக்கும்வரை வைத்திருந்தார். ஊ நேல் குலத்தின் பிடி ஆட்டம் கண்ட காலத்தில்தான் அதன் முதல் உரிமைப் பத்திரம் கதையாக எழுதப்படுகிறது.

கட்டுரை நூலாக வரும்போது மூத்த மகன் பற்றிய வரியைத் திருத்தி, விடுபட்ட அந்தத் தண்ணீர் நிபந்தனையையும் சேர்க்கும்படி கட்டுரையாளரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்