லாரி ஏறுமுன் ஊருக்கு ஒரு கூடை

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையின் விசைப்படகு, நாட்டுப்படகு சங்கத் தலைவர்களுக்கும், படகு உரிமையாளர்களுக்கும், ஏலம் எடுக்கும் வியாபாரிகளுக்கும்,

வணக்கம்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். என் அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவர். உங்களில் பலரை அண்ணன் என்றும் மாமா என்றும் கூப்பிட்டே வளர்ந்தேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். மீன் லாரி ஏறுவதற்கு முன்னால், சூடை, சாளை, காரல் மாதிரிச் சின்ன மீனில் படகுக்கு ஒரு கூடை ஊருக்குக் கொடுங்கள். இனாமாக வேண்டாம். அன்றைய ஏல விலை என்னவோ அந்த விலைக்கே கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாசியில் என் மூத்த மகளின் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவள் ஒன்பதாம் வகுப்பு. ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு 9. என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று செவிலியர் அக்கா கேட்டார். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் பள்ளியில் சத்துணவு, ராத்திரி சோறும் ரசமும், வாரத்தில் இரண்டு நாள் சாம்பார் என்றேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்து, "கடற்கரையில இருந்துக்கிட்டு மீன் சாப்பிடுறதில்லையாம்மா?" என்றார். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகள் மட்டும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் ஊர்த் தெருவில் வரிசையாக வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீடு விட்டு ஒரு வீடு.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மளிகைக்கும் காய்க்கும் சேர்த்து மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்க முடிவதில்லை. குடம் கணக்கில் வாங்குகிற குடிதண்ணீர்க் காசு இதில் சேராது. ரேஷனில் அரிசிக்குக் காசில்லை, 2011 ஜூனிலிருந்து. அது இல்லையென்றால் வாடைக்காலத்தில் பல வீடுகளில் உலை வைத்திருக்க முடியாது, அதை மறக்கமாட்டேன். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சரி, அந்த ஒரு கிலோ பருப்பை ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட வராது. வெளியில் வாங்கினால் கிலோ 100 ரூபாய்க்கு மேல். காய்கறி மதுரையிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வண்டிக்கூலி ஏறி, பாதி வாடித்தான் நம் பக்கம் வருகிறது. ஆக, வயிறு நிறைகிறது, அரிசியால் நிறைகிறது. வளர்கிற பிள்ளைக்கும் மாதாமாதம் ரத்தம் போகிற பெண்ணுக்கும் அது காணாது.

விலை குறைந்த நல்ல சாப்பாடு நம் மாவட்டத்தில் எது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்வது சூடையும் சாளையும் காரலும் நெத்திலியும்தான். 100 கிராம் சாளையில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். அதோடு வைட்டமின் டி, பி12, இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிற ஒமேகா-3 கொழுப்பு எல்லாம் இந்தச் சின்ன மீனில்தான் நிறைய. சீலாவும் பாறையும் ஏற்றுமதிக்குப் போகட்டும், இறாலும் கணவாயும் போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. படகு ஓடுவதே அந்தக் காசில்தான். நான் கேட்பது தராசில் கடைசியாக ஏறுகிற மீனை.

செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் படகுகள் வந்து அணைகிறபோது நடப்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் தரையில் நின்று பார்க்கிறவள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். முதலில் இறாலும் நண்டும் கணவாயும் பெட்டி பெட்டியாக விலை பேசப்படும். பிறகு பெரிய மீன். எல்லாம் முடிந்த பிறகு தளத்தில் கொட்டிக் கிடக்கும் சங்காயம், அதாவது தனியாக விலைபோகாத கலப்பு மீன். அதில் காரல் வெள்ளிக்காசு மாதிரி மின்னிக்கொண்டிருக்கும். நசுங்காத, கண் தெளிந்த காரல். அதை மண்வெட்டியால் வாரி லாரியில் கொட்டுவார்கள். போன மாதம் ஒரு நாள் கிலோ 25 ரூபாய் என்று லோடு பேசினார்கள். நான் சட்டியோடு போய், அதே விலைக்கு இரண்டு கிலோ எனக்கும் போடுங்கள் என்று கேட்டேன். "கிலோக் கணக்குல கிடையாதும்மா, லோடு பேசியாச்சு" என்று பதில் வந்தது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. லாரி நிற்கிறது, வெயில் ஏறுகிறது, அவருக்கு அவர் அவசரம். ஆனால் என் பின்னால் இன்னும் நாலு பெண்கள் சட்டியோடு நின்றார்கள்.

அந்தக் காரல் உப்புப் போட்டுக் காய்ந்து நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. நம் கரையில் 25 ரூபாய்க்கு விலைபோன சத்தை, பிராய்லர் கறியாகக் கிலோ 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து நாமே திரும்ப வாங்குகிறோம். அதையும் மாதம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை, அரைக் கிலோ. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என் அம்மா காலத்தில் இப்படி இல்லை. கரைவலை இழுக்க ஒரு கை கொடுத்தவர்களுக்கெல்லாம் கறிக்கு மீன் உண்டு. புருஷன் இல்லாத பெண்கள் கரையில் வந்து நின்றால் போதும், வாய் திறந்து கேட்க வேண்டாம், சட்டியில் இரண்டு கை சூடை விழும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று காரலைத் தேடி வாங்கி மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுப்பார்கள். அந்த முறையை இன்னும் விடாமல் வைத்திருக்கிற நாட்டுப்படகுக்காரர்கள் உண்டு. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சின்ன மீனில் முள் அதிகம், பிள்ளைகள் தின்னாது என்று சொல்கிறவர்களுக்காக அம்மா வைக்கிற சூடைக் குழம்பை இங்கே சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ சூடை. செதிலை உரசி, தலையைக் கிள்ளி, குடலை விரலால் இழுத்துவிட்டு, கல்லுப்புப் போட்டு மூன்று தண்ணீர் அலச வேண்டும். எலுமிச்சம்பழ அளவு புளி. நாலைந்து முண்டு மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம், இவற்றை அம்மியில் அரைத்தது. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாயேதான், வேறு மிளகாயில் அந்த ருசி வராது.) மண்சட்டியில் மீனை வட்டமாக அடுக்கி, மீன் மூழ்கப் புளிக்கரைசல் ஊற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது, சட்டியைத்தான் பிடித்து ஆட்ட வேண்டும். எண்ணெய் கடைசியில் ஒரு கரண்டி. ராத்திரி முழுக்க அப்படியே இருந்தால் புளியில் ஊறி, காலையில் எடுத்து விரலால் நசுக்கினால் முள் மாவாக நசுங்கும். என் சின்னவன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான், அவன் முள்ளோடு மென்று தின்கிறான். அந்த முள்ளில்தான் கால்சியம். அரைக் கிலோவில் தலையும் குடலும் போக 300 கிராம் நின்றால் 50 கிராமுக்கு மேல் புரதம். ஐந்து பேருக்கு ஆளுக்குப் பத்து கிராம். செலவு மீனுக்கு முப்பது நாற்பது ரூபாய், அவ்வளவுதான்.

கூடவே ஒரு கை முருங்கைக்கீரை வதக்கி வைத்தால் போதும், நம் பக்கம் மரமில்லாத வீடு குறைவு. கீரையில் இருக்கிற இரும்புச்சத்து தனியாகத் தின்றால் உடம்பில் கொஞ்சம்தான் சேரும், மீனோடு சேர்த்துத் தின்றால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடுத்துவிடும். செவிலியர் அக்கா சொல்லிக் கொடுத்தது இது. இரண்டையும் இப்போது வீட்டில் கடைப்பிடிக்கிறோம். மீன்தான் வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் உண்டு.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். டீசல் விலை, வலை விலை, படகு பிடிபட்டுப்போனால் தலைமுறைக்கும் தீராத கடன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் பிடித்த மீன் முழுக்க அவர் கைக்குத்தான் போக வேண்டும், இதில் நீங்கள் நினைத்தாலும் இரண்டு கிலோ எடுத்து வெளியில் விற்க முடியாது. அதனால்தான் தனித்தனியாக உங்களிடம் வந்து நிற்காமல் சங்கத்துக்கும் வியாபாரிகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். படகுக்கு ஒரு கூடை ஊருக்கு என்று சங்கம் ஒரு முடிவாகச் சொல்லிவிட்டால் எந்தப் படகுக்காரரும் வியாபாரியிடம் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை. விலை அதேதான், பணம் கையோடு கையாக வந்துவிடும். கூறு போட்டு விற்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்காக வலையின் மடியைச் சின்னக் கண்ணியாக்கிக் குஞ்சு மீனை வாரிக்கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. சங்காயம் குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். வருகிற மீனில் மனுஷர் தின்னத் தக்கதை மனுஷருக்கு முதலில் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதற்குத் துணையாக ஒரு சின்ன வேண்டுகோள், தடைக்காலத்தை நினைத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அரசு கொடுக்கும் நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது, 2023-ல் 8,000 ரூபாய் ஆக்குவதாக அறிவித்தார்கள். அந்த 8,000-த்தை 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். எங்கள் வீட்டில் ஆளுக்கு 26 ரூபாய். அந்த நேரத்தில் நாட்டுப்படகு கொண்டுவருகிற மீன் விலை நமக்கு எட்டாது. பாட்டிமார் பங்குனிக்குள் பானை நிறையக் கருவாடு போட்டுவைத்தது இதற்குத்தான். இப்போது வீட்டு முற்றத்தில் காயப்போட இடமில்லை. மணலில் காயப்போட்டால் மண்ணும் ஈயும். சங்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியைப் பங்குனி மாதம் மட்டும் எங்களுக்குக் கொடுத்தால், கம்பு கட்டி, பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் காரலையும் சூடையையும் காயவைத்துக்கொள்வோம். உப்புக்கு நமக்கு என்ன பஞ்சம், உப்பளம் உள்ள வாலிநோக்கம் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் உப்பைக் குறைத்துப் போட்டு, சமைக்குமுன் சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிக்கொள்ள வேண்டும், அதையும் சொல்லியே விற்போம்.

அப்புறம், ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர்க் கூட்டத்துக்கு நீங்கள் போகிறவர்கள். டீசல் மானியத்தோடு சேர்த்து ரேஷன் கடையில் கேழ்வரகும் கேளுங்கள். 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதிலாக மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். நம் மாவட்டத்துக்கும் அதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். நாங்கள் போய்க் கேட்டால் மனு வாங்கிக்கொள்வார்கள், நீங்கள் எழுந்து நின்று கேட்டால் பதில் சொல்வார்கள்.

எங்கள் தெருவில் ஒன்பது பெண்கள் சேர்ந்திருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு 3,000 ரூபாய் சேர்த்துவைத்திருக்கிறோம். தராசு ஒன்று இருக்கிறது, முத்திரை போட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை ஏலம் முடிகிற நேரத்துக்குச் சட்டியும் கூடையுமாக வந்து, வழியை மறிக்காமல் ஓரமாக நிற்போம். முதல் கூடை எந்தப் படகிலிருந்து என்று மட்டும் சொல்லுங்கள், பணத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் தூக்குவோம்.

இப்படிக்கு,
மண்டபம் பக்கத்திலிருந்து
உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி